மண்ணெண்ணெய் 340 ரூபா ஆன பிறகு: ஒரு நண்டுப் படகுக்கு எஞ்சின் பார்த்த கதை

2022 ஆகஸ்ட் 21ஆம் திகதி இரவு இலங்கையில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. அடுத்த நாள் காலை மாமா தொலைபேசியில் சொன்னது ஒரே வசனம். "தம்பி, இனி உந்த எஞ்சினுக்கு என்னாலை தீன் போடேலாது."

மாமா யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில் ஊர்காவற்றுறைப் பக்கம் நண்டு வலை போடுகிறவர். 18 அடி கண்ணாடியிழைப் படகு, அதன் பின்பக்கத்தில் 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சின், அதாவது ஒயிலை எரிபொருளோடு கலந்தே எரிக்கும் வகை. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய எஞ்சின் அது. பின்னேரம் போய் வலை விட்டு வருவார், விடியப்புறம் போய் இழுப்பார். போகவர எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 மணித்தியாலம் எஞ்சின் ஓடும். மாதத்தில் 20 நாள் தொழில் என்று வைத்தால் வருடத்துக்கு 480 மணித்தியாலம்.

இந்த 480ஐ முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. புது எஞ்சின் வாங்குவதென்றால் டூ ஸ்ட்ரோக்கா, ஒயிலைத் தனித் தொட்டியில் வைத்திருக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை, வாரக்கடைசியில் தூண்டில் போடப் போகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்கள் வருடத்துக்கு 50 அல்லது 100 மணித்தியாலம் ஓடுவார்கள். எங்கள் மாமாவின் ஒரு வருடம் அவர்களுக்கு ஐந்து வருடம், சிலருக்குப் பத்து. அவர்களுக்குப் பொருந்துகிற விடை எங்களுக்கும் பொருந்தும் என்று நம்பியதுதான் நான் விட்ட முதல் பிழை. எனக்கு மோட்டார் சைக்கிள் எஞ்சின் வேலை ஓரளவு தெரியும் என்பதால், கணக்குப் பார்ப்பதும் கடை கடையாக விசாரிப்பதும் என் பொறுப்பாக இருந்தது. அந்த ஒன்றரை வருடத்தில் நாங்கள் பார்த்ததையும் எடுத்த முடிவுகளையும் இங்கே எழுதுகிறேன்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்

வடக்குக் கரையில் சின்னப் படகு என்றால் மண்ணெண்ணெய்தான். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரைக்கு வரச் சற்று முன்னர் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, காபரேட்டரில் நிற்கும் மண்ணெண்ணெயை எரித்துவிட்டுத்தான் நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் அடுத்த நாள் கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, அழுத்தத்தில் தானாக வெடித்து எஞ்சினைத் தட்டவும் வைக்கும். அதனால் இதற்கென வரும் எஞ்சின்களில் அழுத்த விகிதத்தை, அதாவது கலவையைச் சிலிண்டருக்குள் நெருக்கும் அளவை, குறைத்தே செய்கிறார்கள். பெற்றோல் எஞ்சினை வாங்கியவர்கள் மெக்கானிக்கிடம் கொடுத்து, சிலிண்டர் தலைக்கு அடியில் இன்னொரு கேஸ்கட் வைத்து அதே வேலையைச் செய்துகொள்வார்கள். மாமாவின் எஞ்சின் அப்படித்தான்.

இந்த வித்தை யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதல்ல. 90களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பழைய ஒஸ்டின், மொரிஸ் கார்களே மண்ணெண்ணெயில்தான் ஓடின. காபரேட்டருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்பிவிட்டு, பிறகு புகையும் மணமுமாக ஊர் முழுக்க ஓடும். அந்தக் கார்கள் எல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக். அப்படியென்றால் புது ஃபோர் ஸ்ட்ரோக் படகு எஞ்சினையும் மண்ணெண்ணெயில் ஓட்டலாம்தானே என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. விடை தேட எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

பழைய கார் எஞ்சினின் அழுத்த விகிதம் குறைவு, அது நல்ல சூட்டிலும் ஓடும். படகு எஞ்சினைக் குளிர்விப்பது கடல் தண்ணீர். தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருப்பதால் அது கார் அளவுக்குச் சூடாவதில்லை. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து கீழே இறங்கும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படி இறங்கினால் பெரிய கேடில்லை. எரிபொருளும் ஒயிலும் கலந்து, பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் அறை வழியாகப் போவதுதான் அதன் அமைப்பே. ஃபோர் ஸ்ட்ரோக்கில் கீழே இருப்பது ஒயில் தொட்டி. மண்ணெண்ணெய் அதில் கலந்து ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். பிறகு பேரிங்குகளுக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. புது ஃபோர் ஸ்ட்ரோக்கின் அழுத்த விகிதமும் அந்தக் கார்களை விட அதிகம். ஆகவே ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கினால் பெற்றோலுக்கு மாறுகிறோம் என்றுதான் அர்த்தம். எங்கள் கரையில் எஞ்சினைத் தேர்வது எரிபொருளைத் தேர்வதுதான் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

கொப்பியில் போட்ட கணக்கு

மாமா ஒரு சி.ஆர். கொப்பியில் ஒவ்வொரு நாளும் எத்தனை லீற்றர் ஊற்றினார் என்று எழுதி வைத்திருந்தார். சராசரி 12 லீற்றர் மண்ணெண்ணெய். காபரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு அரை லீற்றர் அளவில் குடிக்கும், ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு போதும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால் அதே ஓட்டத்துக்கு ஃபோர் ஸ்ட்ரோக்கில் 8 லீற்றர் பெற்றோல். பழைய எஞ்சினையே பெற்றோலில் மட்டும் ஓட்டினால் 11 லீற்றர் என்று வைத்துக்கொண்டோம்.

மண்ணெண்ணெய் 87 ரூபாவாக இருந்தபோது ஒரு நாள் செலவு 1,044 ரூபா. அதே நேரம் பெற்றோல் 450. 8 லீற்றருக்கு 3,600. அந்த விலையில் ஃபோர் ஸ்ட்ரோக்கைப் பற்றி வாய் திறந்தால் வாடியில், அதாவது கரையில் இருக்கும் தொழிலாளர் கொட்டிலில், எழுப்பி அனுப்பிவிடுவார்கள். 340 ஆனதும் மண்ணெண்ணெய்ச் செலவு 4,080க்குப் போனது. ஒக்டோபர் 17இல் பெற்றோல் 370க்கு இறங்கியபோது ஃபோர் ஸ்ட்ரோக் கணக்கு 2,960 ஆனது. ஒரு நாளைக்கு 1,120 ரூபா மிச்சம், மாதத்துக்கு 22,400. இதற்கு மேல் 12 லீற்றருக்கு 240 மில்லிலீற்றர் வீதம் டூ ஸ்ட்ரோக் எரிபொருளோடு கலக்கும் டூ-டி ஒயில் வேறு.

அதே கொப்பியில் இன்னொன்றும் தெரிந்தது. பழைய எஞ்சினைப் பெற்றோலில் ஓட்டினால் 11 லீற்றருக்கு 4,070 ரூபா. மண்ணெண்ணெய்க்கும் அதற்கும் 10 ரூபாதான் வித்தியாசம். அந்த விலையில் மண்ணெண்ணெயைக் கட்டி அழ ஒரு காரணமும் இல்லை. புது எஞ்சின் வாங்க முன்னரே, காசு செலவில்லாமல், பிளக் கரி பிடிக்கும் தொல்லையிலிருந்து விடுபட்டிருக்கலாம். நான் எஞ்சின் விலைப்பட்டியல்களில் தலையைப் புதைத்திருந்ததால் இதைக் கவனிக்க இரண்டு கிழமை பிந்திவிட்டேன்.

விலைப்பட்டியல்களும் சும்மா இருக்கவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா ஆகிவிட்டது. எஞ்சின், உதிரிப்பாகம் எல்லாம் அதோடு சேர்ந்து ஏறின. எங்களுக்குச் சொன்ன விலையில் ஃபோர் ஸ்ட்ரோக், அதே வலுவுள்ள டூ ஸ்ட்ரோக்கை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

ஆர் தூக்கிறது?

நான் கணக்கை விரித்துக் காட்டியதும் மாமா கேட்ட முதல் கேள்வி காசு பற்றியது அல்ல. "உது எத்தினை கிலோ, தம்பி? வாடி மட்டும் ஆர் தூக்கிறது?"

எங்கள் கரையில் பெரும்பாலானோர் எஞ்சினைப் படகில் விட்டுவிட்டு வருவதில்லை. களவுக்குப் பயந்து கழற்றித் தோளில் போட்டு வாடிக்கோ வீட்டுக்கோ கொண்டுவருவார்கள். முழங்கால் தண்ணீரில், சேற்றில், சாதாழை என்னும் கடற்புல்லை மிதித்துக்கொண்டு நூறு இருநூறு யார் நடக்க வேண்டும். யமஹாவின் 15 குதிரைவலு என்டியூரோ டூ ஸ்ட்ரோக்கை எடுத்துக்கொண்டால் 246 சி.சி., எடை 36 கிலோ அளவு. அதே நிறுவனத்தின் 15 குதிரைவலு ஃபோர் ஸ்ட்ரோக் 362 சி.சி., 52 கிலோ அளவு. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை எரிப்பு நடக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை. அதே வலுவை எடுக்கப் பெரிய சிலிண்டர் வேண்டும். அதோடு வால்வு, கேம், பெல்ட், ஒயில் தொட்டி எல்லாம் வந்துவிடும். 16 கிலோ என்பது அரிசி மூட்டைக் கணக்கில் சின்னது. 58 வயதுக்காரர் ஒருவர் விடியப்புறம் ஈரத் தோளில் தூக்கும்போது சின்னதல்ல.

டூ ஸ்ட்ரோக்கை எந்தப் பக்கமும் கிடத்தலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கையேடு சொல்லும் பக்கமாக மட்டுமே கிடத்த வேண்டும். மாறிக் கிடத்தினால் ஒயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். இருட்டில், அவசரத்தில், இரண்டு பேர் கைமாற்றித் தூக்கும்போது அதை நினைவில் வைத்திருப்பது அவ்வளவு இலகு இல்லை.

மாமா டூ ஸ்ட்ரோக்கை நம்புவதற்கு இன்னொரு காரணம், சில வருடங்களுக்கு முன் ஒரு வாடைக் காலத்தில் நடந்தது. கரையை நெருங்கும்போது பின்னாலிருந்து வந்த அலை படகை நிரப்பி, எஞ்சின் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது. அது அந்த நேரம் நின்றிருந்தது நல்ல காலம். ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கியிருந்தால் தண்ணீரை அழுத்தப் பார்த்து, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கம்பி வளைந்திருக்கும். கரைக்கு இழுத்து வந்து நல்ல தண்ணீரால் கழுவி, பிளக்கைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்துக் கயிறு இழுத்துத் தண்ணீரை வெளியேற்றி, பெற்றோலும் ஒயிலும் விட்டுச் சுற்றி, காபரேட்டரைப் பிரித்துத் துடைத்துப் பூட்டினார்கள். மத்தியானத்துக்கு முன் எஞ்சின் ஓடியது. ஓடவிடாமல் ஒரு இரவு வைத்திருந்தால் பேரிங்கு துருப்பிடித்திருக்கும். கையில் இருந்தது பிளக் சாவியும் இரண்டு ஸ்பனரும்தான். ஃபோர் ஸ்ட்ரோக்காக இருந்தால் ஒயில் முழுவதையும் மாற்றி, ஓடவிட்டு, மறுபடியும் மாற்ற வேண்டும். எரிபொருளை ஊசி மூலம் பீச்சும் வகையாக இருந்தால் மின்னணுப் பெட்டியும் சென்சர்களும் என்ன நிலையில் இருக்கின்றன என்று பார்க்க ஆள் தேட வேண்டும். தீவுப் பக்கம் அப்படி ஓர் ஆள் எனக்குக் கிடைக்கவில்லை.

கடலுக்குள் போகிறது

இந்தப் பகுதியை யாரும் எங்களிடம் கேட்கவில்லை. எனக்கு அது முக்கியம் என்பதால் எழுதுகிறேன்.

டூ ஸ்ட்ரோக்கில் ஃபோர் ஸ்ட்ரோக் போல வால்வுகள் இல்லை, கலவை வரவும் புகை போகவும் சிலிண்டர் சுவரில் துளைகள்தான். எரிந்த புகையை வெளியே தள்ளுவதே உள்ளே வரும் புதுக் கலவைதான். இரண்டு துளையும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் அந்தக் கணத்தில் புதுக் கலவையின் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியேறுகிறது. காபரேட்டர் வைத்த எஞ்சின்களில் இது 25 முதல் 30 சதவீதம் வரை போகும். மாமாவின் 12 லீற்றரில் 3 லீற்றர் வலையையும் பார்க்காமல் நண்டையும் பார்க்காமல் எரியாமலே தண்ணீருக்கும் காற்றுக்கும். மாதத்துக்கு 60 லீற்றர், ஒரு படகுக்கு. ஒயிலும் அதோடு சேர்த்தி. காற்றில்லாத காலையில் எங்கள் துறையில் நின்று பார்த்தால் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரியும். அந்தத் தண்ணீருக்கு அடியில் இருப்பது ஆழமில்லாத சாதாழைப் படுகை. குஞ்சு நண்டும் இறாலும் வளர்கிற இடம் அது. எங்கள் சோறு அங்கேதான் முளைக்கிறது.

மற்ற நாடுகள் ஃபோர் ஸ்ட்ரோக் பக்கம் திரும்பியதற்கு இது ஒரு முக்கிய காரணம். அமெரிக்காவின் டாஹோ ஏரியில் 1999இலேயே காபரேட்டர் டூ ஸ்ட்ரோக்குகளுக்குத் தடை வந்தது. அவுஸ்திரேலியாவில் 2019 ஜூலையிலிருந்து அந்த வகையில் புது எஞ்சின் விற்க முடியாது. ஹொண்டா 1964இல் தன் முதல் படகு எஞ்சினைச் செய்தபோதே ஃபோர் ஸ்ட்ரோக்காகத்தான் செய்தது. நான் இதை மாமாவிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "தெரியும், தம்பி. மணக்கிறது எனக்குத்தானே" என்றார். புகையை வருடக்கணக்காகச் சுவாசிக்கிறவர் அவர்.

2022இல் என்ன செய்தோம்

வாங்கவில்லை. கணக்கு ஃபோர் ஸ்ட்ரோக்கைக் காட்டினாலும், அந்த வருடம் பெற்றோல் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி வாங்கும் பங்கீட்டில்தான் கிடைத்தது. ஒரு நாளைக்கு 8 லீற்றர் நிச்சயமாகக் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பெற்றோலில் மட்டுமே ஓடும் எஞ்சினைக் கடன்பட்டு வாங்கி, பெற்றோல் இல்லாமல் கரையில் வைத்திருப்பதை நினைக்கவே பயமாக இருந்தது. பழைய எஞ்சின் எது கிடைத்தாலும் ஓடும். அந்த வருடம் அந்தக் குணத்துக்குத்தான் விலை.

எஞ்சினைப் பிரித்து ரிங், கேஸ்கட், கிராங்க் சீல், தண்ணீர் பம்பின் இம்பெல்லர் மாற்றினோம். சாதாழை அடைத்து அடைத்து இம்பெல்லர் இதழ்கள் பாதி தேய்ந்திருந்தன. அப்புறம் வேகத்தைக் குறைத்தோம். 18 அடிப் படகு மணிக்கு 5 அல்லது 6 கடல் மைல் வேகத்தைத் தாண்டும்போது தான் எழுப்பிய அலையின் மேல் தானே ஏறப் பார்க்கும். முன்பக்கமான அணியம் மேலே தூக்கும், பின்பக்கம் அமிழும், எரிபொருள் கொட்டும். காலையில் நண்டு வாங்குகிறவர் வருவதற்குள் கரைக்கு வந்தாக வேண்டும், அப்போது வேகம் தேவை. பின்னேரம் வலை விடப் போகும்போது ஒரு அவசரமும் இல்லை. அந்த ஒரு ஓட்டத்தை மட்டும் ஆறுதலாகப் போனதில் கொப்பியில் 12 இருந்த இடத்தில் 10க்குக் கிட்ட வந்தது. எஞ்சின் மாற்றினால் கிடைக்கும் மிச்சத்தில் பாதி, கையைச் சற்றுத் தளர்த்தியதில் கிடைத்துவிட்டது.

மச்சானின் ஃபோர் ஸ்ட்ரோக்

2023 செப்டெம்பரில் பங்கீடு நீங்கியது. மாமாவின் மகன், என் மச்சான், தன் படகுக்கு 15 குதிரைவலு ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கினான். காபரேட்டர் வகை, எந்த நிறுவனத்தது என்பது இங்கே தேவையில்லை. அவனுக்கு வயது 31, தூக்கத் தம்பி ஒருவன் கூட இருக்கிறான், அவன் தொழிலுக்குப் போகும் தூரமும் அதிகம்.

அவன் வாங்கிய மாதத்தில் பெற்றோல் 361, மண்ணெண்ணெய் 231க்கு இறங்கியிருந்தது. பழைய கணக்கைத் திருப்பிப் போட்டால் மண்ணெண்ணெய் 12 லீற்றர் 2,772 ரூபா, பெற்றோல் 8 லீற்றர் 2,888. ஒரு வருடத்துக்கு முன் நான் அடித்துச் சொன்ன 1,120 ரூபா மிச்சம் காணாமல் போய்விட்டது. டூ-டி ஒயில் செலவைச் சேர்த்தால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். ஒரு மாத விலையை வைத்துப் பத்து வருட எஞ்சினைத் தேரக்கூடாது என்று அன்று எனக்கு நன்றாக உறைத்தது.

ஆனாலும் மச்சான் வருந்தவில்லை. முதல் இழுப்பில் எழும்புகிறது. படகில் இருவரும் கத்தாமல் பேசலாம். வலை தேடி மெதுவாக ஊரும்போது பிளக் அடைத்து நிற்பதில்லை. அந்த நேரத்தில்தான் எரிபொருள் மிச்சமும் அதிகமாகத் தெரிகிறது.

சிக்கலும் வந்தது. பின்பக்கம் அமிழ்ந்ததால் பெற்றோல் கானையும் வலைப்பெட்டியையும் அணியத்துக்கு நகர்த்தினான். முதல் 20 மணித்தியாலத்தில் ஒயில் மாற்ற வேண்டும், பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. மாமாவின் ஓட்டத்துக்கே அது இரண்டரை மாதத்துக்கு ஒன்று. மூன்றாவது மாதத்தில் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் மட்டம் குறைவதற்குப் பதில் கூடியிருந்தது. மணந்து பார்த்தோம், பெற்றோல். சூடேறாமல் நெடுநேரம் ஊர்ந்து ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக்குகளில் எரியாத பெற்றோல் ஒயிலுக்குள் இறங்குவது உண்டு. எஞ்சினின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தோம், உப்பு பிடித்து மூடாமல் நின்றது. அதனால் எஞ்சின் எப்போதும் குளிராகவே ஓடியிருக்கிறது. மாற்றியதும் சரியானது. தொழில் முடிந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓடவிடச் சொல்லிக் கையேட்டில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரே உவர்க்கும் கரையில் அதற்கும் ஒரு பீப்பாய் தண்ணீர் சுமக்க வேண்டியிருக்கிறது.

எஞ்சினைத் தினமும் தூக்குவதை அவன் கைவிட்டுவிட்டான். சங்கிலியும் பூட்டும் போட்டுப் படகிலேயே விட்டு, வாடியில் படுக்கிறான்.

என்னைக் கேட்டால், தூக்க இரண்டு பேரும் ஒயில் மாற்றுவதில் ஒழுங்கும் இருக்கிற படகுக்கு இன்று நான் ஃபோர் ஸ்ட்ரோக்கைத்தான் சொல்வேன், எரிபொருள் கணக்கு சமமாக நின்றாலும். எரியாமல் வெளியே போகும் அந்த 60 லீற்றர் என் கணக்கில் பெரிய தொகை. தனியே தொழில் செய்யும் மாமாவுக்கு அதை என்னால் சொல்ல முடியவில்லை. 9.9 குதிரைவலு ஃபோர் ஸ்ட்ரோக்குகளில் 40 கிலோ அளவில் இருப்பவை உண்டு. அவருடைய ஓட்டத்துக்கு அந்த வலு காணும், ஆறுதலாகப் போகப் பழகிவிட்டார். போன கிழமை அதைப் பற்றிச் சொன்னேன். "40ஆ?" என்று கேட்டுவிட்டுத் தன் எஞ்சினை ஒரு தடவை தூக்கி மறுபடி வைத்தார். மாதக் கடைசி இரவில் எரிபொருள் விலை அறிவிப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.